துண்டுக்குள் அடங்காத பேரம்

பொங்கலுக்கு முன்னால் கேட்ட கேள்வி அது. பொங்கல் போயிற்று, மாட்டுப் பொங்கல் போயிற்று, பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறித்து வந்து ஆடிப் பாடும் பூப்பொங்கலும் போயிற்று. நஞ்சப்பன் மட்டும் பதில் சொல்லவில்லை.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள் என்றால் உங்களுக்காக நாலு வரி. தொடர்ந்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்பவர் நஞ்சப்பன். மனைவி பூவாத்தாள். ஒரே மகள் கமலாத்தாள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி எம்.காம். முதல் வருடம் படிக்கிறாள். இரண்டாம் வருடத்துக்கு இரண்டு பிரிவுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்று வருமான வரியும் தணிக்கையும். இன்னொன்று நிதியும் சந்தையும். நாளைக்குக் கல்லூரி திறக்கிறது. எந்தப் பிரிவு என்று நாளைக்கே சொல்லியாக வேண்டும்.

வரிப் பிரிவு எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பொள்ளாச்சியில் ஓர் ஆடிட்டர் குடும்பம் காத்திருக்கிறது. வரி படித்த மருமகள் வந்தால் மகனுடைய ஆபீசில் இன்னொரு நாற்காலி போட்டுவிடலாம் என்பது அவர்கள் நினைப்பு. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் பூவாத்தாளின் அண்ணன் ரத்தினசாமி. கமலாத்தாளுக்கோ வியாபாரி ஆக வேண்டும். அப்பாவைப் போல, முடிந்தால் அப்பாவை விடப் பெரிய வியாபாரியாக. அதற்கு அந்த இரண்டாவது பிரிவு வேண்டும்.

நான் அவள் பக்கம். அதை மறைத்து வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

அன்று காலை நஞ்சப்பன் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போய் நின்றாள்.

"அப்பா, நாளைக்குச் சொல்லியாகோணுமுங்க."

"வரிப் படிப்புல என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்லீங்க. ஆனா அது முடிஞ்சு போன வியாபாரத்துக்கான படிப்புங்க. நடந்ததைப் பாத்து, சரியா தப்பான்னு சொல்றது. இது இனிமேல் நடக்கப் போற வியாபாரத்துக்கு."

நஞ்சப்பன் சிரித்துவிட்டார். மகள் பேச்சு அவருக்கு எப்போதும் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக ஒத்துக்கொண்டுவிட மாட்டார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்குது அம்முணி. ஆனா என்னதான் படிச்சாலும், துண்டுக்குள்ள கை விட முடியுமா உன்னால?"



அது என்ன துண்டு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்துத் தோப்பு வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து வலக்கையை நீட்டுவார்கள். மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் மற்றவரின் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. நூறா, ஆயிரமா என்று கேட்கிற ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. வெளியே வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். ஒரு பெண்ணின் விரலை அந்நிய ஆண் எப்படிப் பிடிப்பான்? ஆகவே அங்கே பெண்களுக்குத் தோப்பு இருக்கலாம், வியாபாரம் கிடையாது.

"வா, ஜானகியம்மா தோப்பு முடிக்கத்தான் போறேன். கூட வந்து பாரு. பொம்பளைக்கு ஆகற சோலியான்னு நீயே சொல்லு" என்றார் நஞ்சப்பன்.

தோப்பு முடிப்பது என்றால் மரத்தை வாங்குவது அல்ல. தை மாதத்தில் மரம் பூத்து நிற்கும்போதே, அந்த வருடத்துக் காய் முழுவதையும் பேசி வாங்கிவிடுவது. பூ காயானால் வியாபாரிக்கு லாபம். நடுவில் ஒரு மழை பெய்து பூ கருகிக் கொட்டினால் கொடுத்த பணம் கொடுத்ததுதான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நஞ்சப்பனுக்கு மழை பெய்திருந்தது.

ஜானகியம்மாளின் தோப்பு கோவிந்தாபுரம் போகிற வழியில் இருக்கிறது. அந்த வருடம் இலையே தெரியாத அளவுக்குப் பூ. ஜீப்பை விட்டு இறங்கியதும் நஞ்சப்பன் ஒரு மரத்தின் கீழே நின்று மேலே பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் கமலாத்தாளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆசைப்பட்டுவிட்டால் அப்பாவுக்குக் கை நிற்காது.

ரத்தினசாமி முன்னாலேயே புல்லட்டில் வந்து இறங்கியிருந்தார். பொள்ளாச்சி முதல் கொல்லங்கோடு வரை தோப்புத் தரகில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஜானகியம்மாளுக்காக ஒவ்வொரு வருடமும் துண்டுக்குள் கை விடுவது அவர்தான். கணவர் போன பிறகு அந்த அம்மாள் உழவு, உரம், கூலி எல்லாவற்றையும் தானே பார்த்தாள். பேரம் மட்டும் வீட்டுக்கு வெளியே நடந்தது. முடிந்த பிறகு ரத்தினசாமி உள்ளே போய் விலையைச் சொல்லுவார்.

"கமலாவும் வந்திருக்குதா? நல்லது, நல்லது. பாக்கட்டும்" என்றார் ரத்தினசாமி.

களத்து ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்கள். துண்டு விழுந்தது.

"பனி இந்த வருசம் கொஞ்சம் ஜாஸ்திதானுங்க மாப்பிள்ளை."

"ஆமாங்க மச்சான். காலைல ஜீப்பே கிளம்ப மாட்டேங்குது."

கமலாத்தாள் கைகளைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். விரலைத் துண்டுக்குள் மறைக்கலாம், தோளை எங்கே மறைப்பது? அப்பா விலையை ஏற்றினால் வலது தோள் லேசாகத் தூக்கும். தூக்கியது. கொஞ்சம் கழித்து மறுபடியும் தூக்கியது. பனி, பருத்திக்கொட்டை விலை, பரம்பிக்குளம் தண்ணீர் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையும் தூக்கியதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அவ்வளவுக்குப் போகாதீங்க."

ரத்தினசாமி கையை வெளியே உருவிக்கொண்டார்.

துண்டு போட்டிருக்கும்போது விலையைப் பற்றி ஒருவர் வாயைத் திறந்தால் பேரம் முறிந்தது. முறிந்தது மட்டுமல்ல, அந்த இரண்டு பேர் அந்தத் தோப்புக்காக அந்தப் பருவத்தில் மறுபடி கை கொடுக்கவும் கூடாது. இது கமலாத்தாளுக்குத் தெரியாததல்ல. அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

"இதுக்குத்தானுங்க மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னேன். வரிப் படிப்புன்னா ஆபீசோட போயிரும். வாய் களத்துக்கு வராது" என்றார் ரத்தினசாமி. கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது.

நஞ்சப்பன் மகளைத் திட்டவில்லை. "ஜீப்புல போயி உக்காரு" என்றார்.

அவள் ஜீப்புக்குப் போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் போய் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நான் நிச்சயமாக அழுதிருப்பேன். இவள் நேராக வீட்டுக்குள் போனாள்.

ஜானகியம்மாள் தாழ்வாரத்தில் முறத்தை வைத்துக்கொண்டு தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. பக்கத்தில் டிரான்சிஸ்டர் சின்னதாகப் பாடிக்கொண்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டனுங்க பெரீம்மா. உங்க தோப்புப் பேரத்தை நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"கேட்டுச்சு. உக்காரு." ஜானகியம்மாள் டிரான்சிஸ்டரை நிறுத்தினாள். "என்ன வெலைக்குப் போயிட்டிருந்துது?"

"சரியாத் தெரியாதுங்க. எங்கப்பா தோளு ஏறினதைப் பாத்துப் பயந்துட்டனுங்க."

ஜானகியம்மாள் சிரித்தாள். "வெலை ஏறினா எனக்குத்தானெ நல்லது? நீ வந்து எங்கிட்டயே சொல்றயே."

"உங்களுக்கும் நல்லதில்லீங்க பெரீம்மா." சொல்லிவிட்டு, அதிகப்படியாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தயங்கினாள்.

"அது எப்படி?"

"மழை வந்து இன்னொரு தடவை நட்டமாச்சுன்னா, அடுத்த வருசம் எங்கப்பா பயந்துக்கிட்டுப் பாதி வெலைதானுங்க கேப்பாரு. வியாபாரம் பண்ணவே மாட்டாருன்னாலும் சொல்றதுக்கில்லை. அதே மழை பெய்யாம காய் நெறையப் புடிச்சா, லாரி லாரியாப் போறதை நீங்க நின்னு பாத்துட்டிருக்கோணும். உங்களுக்கு ஒரு பைசா கூட வராதுங்க."

ஜானகியம்மாளின் கை பயறின் மேல் நின்றுவிட்டது. முந்தின வருடங்களில் ஒன்றில் அப்படி லாரி போனதை அவள் நின்று பார்த்திருக்கிறாள். வயிறு எரிந்திருக்கிறது. யாரிடம் சொல்ல முடியும்?

"அதுக்கு என்ன பண்ணலாங்கறே?"

"ரெண்டு வெலையாப் பேசலாமுங்க. பூவுக்கு இப்பொ ஒரு பாதி. பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் எண்ணிப் பாத்து மறுபாதி. பிஞ்சு நெறைய நின்னுச்சுன்னா மறுபாதி கூடும். கொட்டிப் போச்சுன்னா கொறையும்."

"அப்போ மழை பெஞ்சா எனக்கும் நட்டமல்ல?"

"ஆமாங்க. அதை மறைச்சுச் சொல்ல மாட்டனுங்க. நட்டத்துல நீங்களும் பங்கு, லாபத்துலயும் நீங்க பங்கு."

"இத்தனை மரத்துல பிஞ்சை யாரு எண்றது? சித்திரை ஆயிருமே?"

"எல்லா மரத்தையும் எண்ண வேண்டாமுங்க. மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, சீட்டுக் குலுக்கிக் கொஞ்சம் மரத்தை எடுத்து எண்ணினாப் போதும். மீதியை அதை வெச்சே சொல்லிறலாம்."

"சீட்டை யாரு எடுக்கறது?"

"நீங்களே எடுங்க."

ஜானகியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "இந்தத் தோப்புக்குப் பேரம் பேச வந்தவிய யாருமே இதுவரைக்கும் எங்கிட்டப் பேசினதில்லை கண்ணு. முடிஞ்ச வெலையைத்தான் வந்து சொல்லுவாங்க. ஏன், உங்கப்பனே இப்படிக் கேட்டிருக்கலாமல்ல?"

"துண்டுக்குள்ள இதைச் சொல்ல முடியாதுங்க பெரீம்மா. விரலுக்கு எண்ணிக்கைதான் தெரியும். 'மழை பெஞ்சா', 'காய் நின்னா'ங்கறதுக்கெல்லாம் விரல் கிடையாதுங்க."

"கெட்டிக்காரி. இதெல்லாம் காலேஜ்ல படிச்சயா?"

"இன்னும் படிக்கலீங்க. லைப்ரரியில ரெண்டு அத்தியாயம் பாத்தேன். படிக்கறதுக்குத்தான் எங்கப்பாகிட்டக் கேட்டுட்டிருக்கறனுங்க."

அதற்கப்புறம் அந்த இரண்டு பெண்களும் விலை பேசினார்கள். வாய்விட்டு, முகத்தைப் பார்த்து, தட்டைப்பயறை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஜானகியம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. பூவின் பாதியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டாள். கமலாத்தாள் முதலில் மறுத்தாள், பிறகு பிஞ்சுக் கணக்கில் தனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சம்மதம் என்றாள். மூன்று தடவை போய் வந்து ஓர் இடத்தில் நின்றது. அதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். எந்தத் தயக்கமும் இல்லை, எந்த அவசரமும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை. எனக்கு அவளை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

ஜானகியம்மாள் வாசலுக்கு வந்தாள். பேரம் நடக்கும் நாளில் அவள் வாசலுக்கு வந்ததை ரத்தினசாமி பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, தோப்பு முடிஞ்சுதுங்க. உங்களுக்குக் குடுக்கலை, உங்க புள்ளைக்குக் குடுத்திருக்கறேன்" என்றாள் நஞ்சப்பனிடம். பேசிய விதத்தையும் சொன்னாள். விலையை மட்டும் சொல்லவில்லை. "அதை உங்க புள்ளைகிட்டக் கேட்டுக்கோங்க."

நஞ்சப்பன் மகளைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். 

"மாமாவுக்கு எப்பவும் போலத் தரகு உண்டுங்க" என்றாள் கமலாத்தாள்.

"நான் கை வெக்காத பேரத்துக்குத் தரகு வாங்கற ஆளில்லை கமலா" என்றார் ரத்தினசாமி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது, அதை நாம் மறந்துவிடக் கூடாது. புல்லட் போகிற சத்தம் தோப்பு முடிகிற வரைக்கும் கேட்டது.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பொள்ளாச்சி வண்டி வர வேண்டும். நஞ்சப்பன் என்ஜினை அணைத்தார்.

"அந்தப் பிரிவுல என்னென்ன பேப்பர்?"

கமலாத்தாள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவள் காத்திருந்த கேள்வி அது.

"நிதி மேலாண்மை, பங்குச் சந்தை, பாங்கிங். அப்புறம் முன்பேரச் சந்தைன்னு ஒண்ணுங்க. இனிமேல் வெளையப் போறதுக்கு இப்பவே வெலை பேசறது. நீங்க பண்றதேதானுங்க அது."

"நான் பண்றதுக்குக் காலேஜ்ல பேரு வேற இருக்குதா?" நஞ்சப்பனுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

"அஞ்சாவது பேப்பரை மட்டும் நம்மளா எடுக்கோணுமுங்க. அந்நியச் செலாவணி, இல்லாட்டி புள்ளியியல். செலாவணி எடுத்தா எல்லாரும் மெச்சுவாங்க, பரீட்சையும் சுலபம். புள்ளியியல் கஷ்டமுங்க, போன வருசம் பாதிப் பேரு பெயில். ஆனா மரத்தை எண்றதுக்கு அதுதான் வேணும்."

"எதை எடுப்பே?"

"புள்ளியியல்தானுங்க."

"ஏன், நாளைக்கு நாம கப்பல்ல மாங்கா அனுப்பினா? ரெண்டையும் எடுக்க முடியாதா?"

காலையில் அந்தப் படிப்புக்கே பிடி கொடுக்காத மனிதர் இவர்தான். கமலாத்தாள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகம் மாறிற்று.

"எனக்குச் சம்மதம் அம்முணி. ஆனா உங்க மாமன் இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்பாரு. உங்கம்மா அண்ணன் பேச்சைத் தட்டினதே இல்லை. அவ வேண்டாம்னுட்டா நான் மேல பேச மாட்டேன். அவ அழறதைப் பாக்கற தெம்பு எனக்கில்லை."

அவர் சொன்னபடியே புல்லட் வாசலில் நின்றது.

ரத்தினசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூவாத்தாள் கொடுத்த காப்பி தொடாமல் ஆறியிருந்தது. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். பொங்கல் சீர் என்று புடவையும் வெல்லமும் கரும்பும் கொண்டுவந்து இறக்கி இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை.

"எல்லாம் சொல்லிட்டேன் பூவாத்தா. களத்துல என்னை வெச்சுக்கிட்டே இவ என்ற பேரத்தை முறிச்சா, பொறவு எனக்குத் தெரியாம உள்ள போயி முடிச்சா. போகட்டும், கொழந்தை. ஆனா இனி அவ வரிப் படிப்புத்தான் படிக்கோணும். பொள்ளாச்சிச் சம்பந்தம் நடக்கோணும். அந்த வியாபாரப் படிப்புக்குத்தான் போவான்னா, அவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்கிட்ட எதிர்பாக்காதே. நான் வர மாட்டேன்."

தாய்மாமன் வராத கல்யாணம் கொங்கு வீட்டில் எப்படி நடக்கும்? பூவாத்தாளின் முகம் வெளுத்துவிட்டது. கமலாத்தாள், "அம்மா, நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தாள். பூவாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏனுங்க, இவ பேசின பேரத்துல மழை வந்தா நமக்குப் பாதிதானுங்களா நட்டம்?" என்று கணவனைக் கேட்டாள்.

"கிட்டத்தட்டப் பாதிதான்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, தை மாசத்துல ராத்திரி இடிச் சத்தம் கேட்டா இவிய எந்திரிச்சுப் போயி வாசல்ல நிப்பாருங்க. நனைஞ்சுட்டே நிப்பாரு. கூப்பிட்டா வர மாட்டாரு. கல்யாணமான வருசத்துலேர்ந்து நான் படுத்துட்டே பாத்துட்டிருக்கறனுங்க. தூங்கற மாதிரி இருப்பேன், இவியளுக்குச் சங்கடமாயிருமேன்னு. உங்ககிட்டக்கூட சொன்னதில்லை."

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார் மனிதர்.

"நட்டம் பாதிதான்னா, பாதி ராத்திரியாச்சும் தூங்குவாருங்கல்ல? அந்தப் படிப்பு இவளுக்கு வேணுமோ வேண்டாமோ, எனக்கு வேணுமுங்கண்ணா."

ரத்தினசாமி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. எழுந்தார்.

"சாப்பிட்டுப் போங்கண்ணா."

அவர் சாப்பிடவில்லை. அவர் வீடு கொல்லங்கோட்டில் இருக்கிறது. வாசலில் புல்லட்டைக் கிளப்பியவர் கொல்லங்கோட்டுப் பக்கம் திரும்பவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் போனார்.

பூவாத்தாள் அந்த ரோட்டைப் பார்த்தபடி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போன மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மொத பஸ்சுக்கே போயிரு கண்ணு. உங்க மாமன் பொள்ளாச்சி ஆடிட்டர் ஊட்டுல போயி என்ன சொன்னாலும் சரி, யாரு வந்து நின்னாலும் சரி. நீ எடுத்த பிரிவை மட்டும் மாத்திறாதே."